வேன் படியில் ஒரு கால்

ராணுவத்தில் எட்டு வருடம் நர்சாக இருந்துவிட்டு, மகளுக்காக வேலையை விட்டேன். கணவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. வாடகை வீட்டில் பகலெல்லாம் பேச ஆளில்லை; ஏன் களைத்துப் போகிறேன் என்றே தெரியாமல் களைத்துப் போவேன். காலையில் பள்ளி வேனுக்கு நிற்கும் அம்மாக்கள்தான் நான் பார்க்கும் முகங்கள். அவர்கள் எனக்கு வைத்த பெயர் 'மிலிட்டரி மேடம்'.

எதிர்வீட்டு மேரி தினமும் கடைசியில்தான் மகனோடு ஓடிவருவாள். ஒருநாள் டிரைவரிடம், "வராதவங்களுக்காக நிக்காதீங்கண்ணா" என்றேன். வேன் போய்விட்டது. நைட் ஷிஃப்ட் முடித்த கம்பெனி யூனிஃபார்மோடு, மேரி பிள்ளையை நடத்தியே கூட்டிப்போனாள். வருடக்கணக்காக நைட் டியூட்டி பார்த்தவள் நான். அந்தத் தூக்கமில்லாத முகம் எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அதன்பின் யாரும் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் மகள் யூனிஃபார்மில் பாலைக் கொட்டிவிட்டாள். மாற்றிவிட்டு ஓடினால், வேன் படியில் ஒரு காலை வைத்தபடி மேரி நின்றிருந்தாள்.

"டைம் ஆவுது, காலை எடும்மா" என்றார் டிரைவர்.

"அந்தம்மா வரட்டும்ணா. இல்லாங்காட்டி என் காலோட வண்டிய எடு."

என்னைப் பார்த்ததும், "இன்னா மேடம், மிலிட்டரிக்கே லேட்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த வுடு. பாப்பாவுக்கு லேஸ் கட்டல பாரு" என்று குனிந்து கட்டிவிட்டாள்.

இப்போதும் சீக்கிரமே போய் நிற்கிறேன். யார் வரவில்லை என்று பார்த்து, படியில் ஒரு காலை வைத்துக்கொள்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்குத் தாமதமாகுமே, இது சரிதானா என்று உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும். காலை மட்டும் எடுப்பதில்லை.