கூட வந்தவங்க வெளியே

நோயாளியாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். லீவும் கிடையாது, ராஜினாமாவும் செய்ய முடியாது. காலையில் விரல் மடங்காமல் பேஸ்ட் மூடியோடு மல்லுக்கட்டும் சக ஊழியர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முட்டியும் விரலும் வீங்கி ஒன்றாம் வகுப்பிலேயே இந்த வேலையில் சேர்ந்தவள் நான். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு டாக்டர் ஆரம்பித்த ஓர் ஊசியால்தான் நடக்கிறேன், சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்குக் காலேஜ் பஸ் ஏறுகிறேன். பதினெட்டு முடிந்ததும் என்னைப் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். புது டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டால் முட்டி பழையபடி பூட்டிக்கொள்ளும். அதுதான் எங்கள் வீட்டுக் கவலை.

பிரிவு உபசாரம்

குழந்தைகள் பிரிவில் சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி. பெஞ்சு குட்டையாக இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க அம்மாவின் கை வேண்டும். கடைசி நாளன்று அதையெல்லாம் பார்க்கப் பார்க்க அழுகையாக வந்தது. "எப்பனா வந்து பாத்துட்டுப் போவட்டுமா?" என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்தியபடி அவர் சொன்னார்: "இனிமே இங்க வர்றதுன்னா உன் கொழந்தய தூக்கிக்கினுதான் வரணும் பாப்பா."

பேஷண்ட் யார்?

என் வலியை அம்மா "எங்களுக்கு" என்றுதான் சொல்லுவாள். எங்களுக்கு ஜுரம், எங்களுக்கு முட்டி வீங்கிப்போச்சு. குழந்தைகள் பிரிவில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் பேசுவார்கள்; டாக்டருக்கும் புரியும்.

புது இடத்தில் வாசலில் நின்ற ஊழியர் என் பெயரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்தோம். அவர் அம்மாவை உள்ளே விட்டுவிட்டு, "கூட வந்தவங்க வெளிய நில்லும்மா" என்று என்னைத் தடுத்தார். ஊசிக் கவலையில் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு சரியாக மூடாததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. "எங்களுக்கு காலைல விரலே மடங்கல சார்" என்று ஆரம்பித்தாள். டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முட்டியை மடக்கி நீட்டச் சொன்னார். பயத்தில் அவளும் மடக்கி நீட்டினாள். கடைசியில் டாக்டர் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணுமே இல்லியேம்மா, எதுக்கு இந்த ஊசி?"

பஸ் ஸ்டாண்டு வரை

குழப்பம் தீர்ந்து அந்த முறை ஊசி கிடைத்தது. ஆனால் அடுத்த முறை நான் மட்டும் வர வேண்டும், நானே பேச வேண்டும், அதைக் கேட்டுத்தான் ஊசியை முடிவு செய்வேன் என்றுவிட்டார் டாக்டர். அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அந்த நாள் வந்தபோது எனக்கு ஜடை பின்னிவிட்டு, தானும் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன். "செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன், அதுக்கும் டாக்டர கேக்கணுமா?"

பெஞ்சில்

பெரியவர்கள் பிரிவில் எனக்கு வயதுத் துணை யாருமே இல்லை. இருந்தவர்கள் எல்லோருக்கும் பேரன் பேத்தி இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தளவானூர்க்கார அம்மா, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். நம்பாமல் என் கையை மடியில் வைத்து விரித்துப் பார்த்தார். யாராவது அப்படிப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்றிருந்தது. "சின்னப் பொண்ணும்மா நீ, டாக்டர் ஆள மாத்திப் பாத்துட்டாரு போல."

பரவால்ல

"எப்படிம்மா இருக்குது?" என்றார் டாக்டர். இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரே பதில்தான். "பரவால்ல சார்" என்றேன். சந்தோஷம், அப்படியானால் ஊசியை நிறுத்திப் பார்க்கலாம் என்று பேனாவை எடுத்துவிட்டார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அவ்வளவு தனியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

"ஐயோ, நிறுத்தாதீங்க சார்" என்று ஆரம்பித்தவள் மூச்சுவிடாமல் பேசினேன். ஜடை பின்ன முடியாதது, பஸ் படியில் முட்டி குத்துவது, பொங்கலிலிருந்து இடுப்பு வலித்துப் புரண்டு படுக்க முடியாதது, எல்லாமே. அவர் இடுப்பை அசைத்துப் பார்த்தார், ஊசியைத் தொடரச் சொன்னார், எக்ஸ்ரேவுக்கும் அனுப்பினார். "இதத்தானேம்மா மொதல்ல சொல்லணும், பரவால்லன்னு எங்கிட்ட எதுக்கு சொல்ற?"

திரும்பி வந்தபோது

அம்மா வீட்டுக்கே போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊசி உண்டு என்றதும் அவள் முகத்தில் உயிர் வந்தது. இன்னா இன்னா சொன்ன, ஒன்றுவிடாமல் சொல்லு என்றாள். ஜடைக்கும் முட்டிக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். இடுப்பு என்றதும் நிறுத்திவிட்டாள். சொன்னால் அவளும் தூங்க மாட்டாள் என்று வீட்டில் நான் வாயே திறந்ததில்லை. சிங்கவரம் பஸ் வந்து நின்றது. ஏறாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "டாக்டர்ட்ட சொன்னியே, எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

ஊசி தொடர்கிறது, முட்டியும் ஒழுங்காக மடங்குகிறது. முன்பு எங்கள் இரண்டு பேருக்குமாக ஒரே வலி இருந்தது, இப்போது ஆளுக்கொன்று.