கருவாட்டுக்கு மேலே தொங்கும் சீடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன், ஒருவரையும் கடலுக்குக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்துப் பழக்கமில்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். முற்றத்தில் கருவாடு காய்கிறது. அதற்கு மேலே நூலில் கட்டிய சீடி ஒன்று காற்றில் சுழன்று மினுங்கிக் காகங்களை விரட்டுகிறது. ஊரில் பல முற்றங்களில் இதே சீடிதான் தொங்குகிறது. என் மருமகன் எழுதி, மெட்டுப் போட்டுப் பாடியது. கடைகளில் யாரும் வாங்காததால் அதற்கு இந்த வேலை கிடைத்தது. அதன் அருமை தெரிந்தவர்கள் குறைவு. அதில் நான் ஒருத்தி.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், என் கடைசி மகள் நாலு மாத வயிற்றோடு, கையில் ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தாள். என்ன நடந்தது என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. நான் கேற்றைப் பூட்டினேன். மருமகன் மூன்று தரம் வந்து, மூன்று தரமும் வீதியில் நின்றுவிட்டுப் போனார்.

நாலாம் தரம் அவர் அவளைக் கேட்கவில்லை. சோளகக் காற்றில் எங்கள் பக்கக் கடல் கொந்தளித்தால், ஆண்கள் படகு, வலை, எஞ்சினோடு முல்லைத்தீவுப் பக்கம் போய், கரையில் வாடி என்கிற ஓலைக்குடில் போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். யுத்தத்தால் நின்றுபோன அந்தப் பயணம் அந்த வருஷம்தான் திரும்பத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டு எஞ்சினும் போயிருந்தது.

"மாமி, உங்கட எஞ்சின் கொட்டில் வெறுமையாத்தானே கிடக்கு. திறப்பைத் தாங்களேன், பாட்டுப் பதியணும்" என்றார்.

எங்கள் அந்தோனியார் கோயில் திருநாள் நெருங்கியிருந்தது. குடும்பத்தில் ஒரு குறை என்றால் அந்தோனியாருக்குப் பாட்டுக் கட்டி நேர்ந்துகொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். மனைவி பிரிந்திருக்கும் மனிதர் வேறு எதைப் பாடப்போகிறார்? "நேர்த்தி எண்டா மறுக்க ஏலாது மகன்" என்று கேற்றுக்கு மேலால் கொட்டில் பூட்டின் திறப்பை நீட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார்.

கேற்றுக்கு வெளியே இருந்த அந்தக் கொட்டிலில் பழைய வலைகளைச் சுவர் நெடுகத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினார். எண்ணெய்ப் பீப்பாதான் மேளம். கிற்றார் கரண்டில் அலறியது, ஸ்டார்ட் ஆக மறுக்கும் எஞ்சின் மாதிரி. வீட்டிலிருந்து கேட்டால் சொல் ஒன்றும் பிடிபடாது. "இதென்ன ஞானப்பாட்டு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இந்தக் காலத்து ஞானப்பாட்டு" என்றேன் விட்டுக்கொடுக்காமல்.

பாட்டெல்லாம் முடிந்ததும் முதல் சீடியை என் கையில் வைத்து, "முதல்ல அவ கேக்கட்டும் மாமி" என்றார். நான் ஒரு கணக்குப் போட்டேன். வீட்டில் கொடுத்தால் மூலையில் எறிவாள். கோயிலில் ஊரோடு கேட்டால் மனம் இளகும். உறையில் ஏதோ எழுதியிருந்தது. வாசித்துக் காட்டச் சொல்ல என் கௌரவம் விடவில்லை. கொடியேற்றத்தன்று அதை ஸ்பீக்கர்காரரிடம் நீட்டினேன். "இது திருநாளுக்குப் போடுற சாமான்தானா பெரியம்மா?" என்றார். "எனக்கே படிப்பிக்கிறியா? போடு!"

முதல் பாட்டிலேயே நான் வந்தேன். மாமி வீட்டு நாய்கூட அவர் பெயரைக் கேட்டால் குரைக்குமாம். வாடியிலிருந்து திருநாளுக்கு வந்த ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மச்சாள், நாய் சுகமா?" என்று ஒரு குரல். எனக்குக் காது சுட்டது. இரண்டாம் பாட்டில் சிரிப்பு அடங்கியது.

"சோறு எறிந்தவன் நான், பசியோடு போனவள் நீ."

அப்போதுதான் மகள் சொல்லாதது எனக்குத் தெரிந்தது. நிறுத்தப் போன ஸ்பீக்கர்காரரிடம், "கையை எடு, ஓடட்டும்" என்றேன். கோபம் ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம். எங்கள் ஆண்கள் குற்றத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் பங்குக் குருவான சுவாமியின் காதுக்குள் சொல்வார்கள். இவர் அதை மெட்டுப் போட்டு, தன் குரலிலேயே பாடி வைத்திருந்தார். ஊருக்குக் கொடுத்தது என் பிழை. ஆனாலும் அவர் ஓடி ஒளியவில்லை. கொடிமரத்தடியில் தலை குனிந்து நின்றார்.

மகள் பெண்கள் பக்கமிருந்து எழுந்து நேரே அவரிடம் போனாள். "சோத்த மட்டுமா எறிஞ்சீங்க? குழம்புச் சட்டிய ஏன் பாட்டில விட்டீங்க?"

"அது ஆறாம் பாட்டில வருது. பொறுத்துக் கேளு."

சுவாமி வந்து நிறுத்தும்போது மூன்றாம் பாட்டு. மிச்சத்தை அவள் கொட்டிலில் போய்க் கேட்டாள், ஒரு தரமல்ல. திரும்பிப் போக மூன்று மாதம் எடுத்தாள். நான் அவசரப்படுத்தவில்லை, கேற்றை மட்டும் பூட்டவில்லை. இன்றைக்கும் அவர்களுக்குள் சண்டை உண்டு. சோறு பறந்ததில்லை.

வானொலிக்காரர்கள் அதை இரைச்சல் என்று திருப்பி அனுப்பினார்கள். இரைச்சல்தான். ஒரு வீடு உடைகிற சத்தம் வேறெப்படி இருக்கும்? சீடி இப்போதும் வெயிலில் சுழல்கிறது. அன்று வயிற்றில் இருந்தவள்தான் இன்று இதை எழுதுகிறாள். அன்றைக்கு என்ன இருக்கிறதென்று கேட்டறியாமல் ஒன்றை ஊருக்குக் கொடுத்தேன். இதையும் அப்படிக் கொடுக்க மாட்டேன்.

எழுதிட்டியா பிள்ளை? அந்தக் குழம்புச் சட்டி விட்டுப்போகல்லையே? எங்க, முதல்ல இருந்து வாசி, கேப்பம்.