ஓரகத்தி வீட்டுச் சாய்ந்த சுவர்

ஓரகத்தி குடியிருக்கும் தெருவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கொழுந்தன் மனைவியான அவளுக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்குப் பத்தியம் பொங்கிப்போட ஆள் வேண்டுமென்று, எங்கள் ஊர் பசுவந்தனையிலிருந்து என்னை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். ஆறு வாரம் இருந்தேன்.

சின்ன ஊர்தான். அவர்கள் தெருவில் ஒரு வீடுகூட நேராக நிற்கவில்லை. கருத்த மர உத்தரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, இடையில் வெள்ளைச் சாந்து பூசியிருக்கிறார்கள். மாடி, கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் தெருவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஜன்னல்கள் ஒரு பக்கமாக இறங்கிக் கிடக்கின்றன.

அந்த வீடுகளெல்லாம் பழமை மாறாமல் காக்க வேண்டியவை என்று அரசாங்கப் பட்டியலில் ஏறியவையாம். சொந்தக்காரரே ஆனாலும் கேட்காமல் ஒரு கதவைக்கூட மாற்ற முடியாது. அதைச் சொல்லி ஓரகத்தி தினமும் புலம்புவாள். ஜன்னல் இடுக்கில் குளிர் வருகிறதாம், இரட்டைக் கண்ணாடி போட விடமாட்டேன் என்கிறார்களாம். அது புலம்பலா பெருமையா என்று எனக்குத் தெரியாதா? வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்தால், அவசரமாகத் தலையைச் சீவிக்கொண்டு திரையை விலக்குவாள்.

அங்கேயும் களிமண்தான், வீடுகள் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் கொழுந்தன். அதைக் கேட்டதும்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் வீடும் கரிசலில்தான் நிற்கிறது. ஐப்பசி மழையில் மண் உப்பும், ஜன்னலைச் சாத்த முடியாது. சித்திரையில் மண் வெடிக்கும், சுவரில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு விடும். இருபத்தைந்து வருஷமாக நான்தான் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அதை அடைக்கிறேன். அவள் வீடு சாய்ந்தால் அழகு. என் வீடு சாய்ந்தால், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் வீட்டு முன்கட்டை இடித்துக் கட்ட வேண்டும். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது, கொழுந்தன் கையெழுத்து வேண்டும். மூன்று வருஷமாகப் போனில் நழுவினார். அங்கே வைத்து நேரிலேயே காகிதத்தை நீட்டினேன்.

"மதினி, அது எங்க பூட்டன் கட்டுன வீடு. இங்கன எப்படிக் காப்பாத்துதாவன்னு பாத்தீங்கள்லா? அதையும் அப்படியே வச்சிருப்போம்."

"யாரு வச்சிருக்கது? நீங்க லீவுக்கு வந்து நாலு நாளு பாக்கதுக்கு நான் விளக்குமாத்தோட காவல் இருக்கணுமா, தம்பி?"

உங்களுக்குப் பழைய வீட்டின் அருமை தெரியவில்லை அக்கா என்றாள் ஓரகத்தி.

"ஏட்டி, ஒரு அடைமழைக்கு அங்கன வந்து இரு. ஓட்டுக்குள்ள இருந்து தேளு விழும்லா, அப்ப அருமையக் கூப்பிட்டுக்கோ."

இரண்டு நாள் இருவரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கையெழுத்துப் போட்ட காகிதம் அடுப்பு மேடையில் இருந்தது.

ஊருக்கு வந்து தை மாதம் இடித்தோம். இடிக்கிற வண்டி அரைநாளில் முடித்துவிட்டது. அந்த ஊரில் ஒரு ஜன்னலுக்கு ஆபீசர் வந்து பார்க்கிறார். இங்கே முன்கட்டு முழுசாக விழுந்தும் ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை. யாராவது தடுத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். தடுக்க ஆளில்லாதது அதைவிட எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் கொழுந்தன் போன் செய்தார். முன்கதவை மட்டும் எடுத்து வையுங்கள், கப்பலில் அனுப்ப நான் ஏற்பாடு செய்கிறேன், எங்கள் வீட்டுக் கூடத்தில் நிறுத்தி வைக்க இவள் ஆசைப்படுகிறாள் என்றார்.

"மரக்கடைக்காரன் கொண்டு போயிட்டான், தம்பி" என்றேன்.

கதவு உள்ளறையில் சாக்குச் சுற்றி நிற்கிறது. எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை; புது நிலைக்கு அளவு சேராது. கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அந்தத் தெருவே இருக்கிறது.