வாசுகி வாங்கிய பொட்டு

விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறைகளில் வாசுகி அளவுக்குப் பொட்டு வாங்கியவள் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேலைக்கு வரும் வழியில் சம்சாத் பேகத்தின் ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைவாள். வெளியே வரும்போது கையில் ஒரு பொட்டு அட்டை இருக்கும். "கல்யாணப் பொண்ணுகூட இவ்ளோ பொட்டு வாங்க மாட்டா" என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். வாசுகியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவள் அந்தக் கடைக்குப் போனது மாத்திரை முழுங்க. காசநோய் மாத்திரை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், ஆனி மாதம் அவளுக்கு நோய் தெரிந்தது. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். யாராவது ஒருவர் கண்முன்னால் முழுங்க வேண்டும் என்பது அப்போது ஏற்பாடு. எந்த இடம் உனக்குத் தோது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, வாசுகி யோசிக்காமல் ஃபேன்சி ஸ்டோரைச் சொன்னாள். வளையல் கடைக்குப் போகிற பொம்பளையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அவள் பெயர் எழுதிய மருந்துப் பெட்டி வளையல் டப்பாக்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

சம்சாத் பேகம் லேசுப்பட்டவள் இல்லை. முழுங்கி முடித்ததும் "ஆ காட்டு" என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். பிறகு ஒரு பொட்டு அட்டையை எடுத்து நீட்டுவாள். "வெறுங்கையோட போனா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க கண்ணு, எடுத்துக்க."

விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் வாசுகியின் புருஷன் சாமிதுரை. வீட்டுக் கண்ணாடியில் முகம் பார்க்க இடமில்லாதபடி பொட்டு ஒட்டியிருப்பதாக அவனுக்கு மனத்தாங்கல்.

இவ்வளவு மறைப்பானேன் என்றால், காரணம் இருந்தது. முந்தைய வருஷம் பட்டறையில் ஒருத்திக்கு இதே நோய் வந்தது. முதலில் அவள் டீ டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அப்புறம் அவளையே வர வேண்டாம் என்றார்கள். வாசுகி அதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரப் பிசிறைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. அதைத் தவிர வேறு வேலை தெரியாது. அதை விட்டால் அடுப்பு எரியாது.

ஆவணியில் பன்றிக் காய்ச்சல் வந்தது. ஊருக்குள் வந்ததோ இல்லையோ, டிவியில் வந்துவிட்டது, அது போதாதா? முதலாளி ராஜமாணிக்கம் ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்து மூக்கைக் கட்டச் சொன்னார். அத்தனை வருஷம் மண் தூசியில் கிடந்தபோது தோன்றாத யோசனை! "யாரு இருமுனாலும் அந்த நிமிஷமே வூட்டுக்குப் போயிடணும். கொலு ஆர்டரு கெடக்குது, பட்டறைய மூட வெச்சிடாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒருத்தரும் இருமவில்லை. எல்லாரும் இருமலை முழுங்கினார்கள். வாசுகிக்குப் பக்கத்தில் உட்காரும் ராஜாம்பாள், வயதில் மூத்தவள், கண்ணில் தண்ணீர் முட்ட முட்ட சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசுகிக்கு இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனை வந்தது. மருந்து கேட்கிறதா இல்லையா என்று அதில்தான் தெரியும். வழக்கமாக ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில் ஓசைப்படாமல் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இப்போதோ அங்கிருந்த ஆட்களையெல்லாம் காய்ச்சல் வேலைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். இருமுகிறவர்கள் அத்தனை பேரும் முன்வாசலில் பந்தலுக்குக் கீழே ஒரே வரிசை. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே ஆள் தெரியும்.

"பன்னிக் காய்ச்சலு ஓயட்டும், அப்புறம் குடுக்கறேன் பாயம்மா" என்று வாசுகி கெஞ்சினாள்.

"அது ஓயற வரைக்கும் உன் நெஞ்சுல இருக்கறது சும்மா இருக்குமா? போடி" என்றாள் சம்சாத் பேகம்.

போனாள். தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றாள். மறுநாள் காலை முடிவு சொன்னார்கள். சளியில் கிருமி இல்லை. இன்னும் சில மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணம். வாசுகிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு பட்டறைக்குள் நுழைந்தவளை, ராஜாம்பாளின் குரல் எதிர்கொண்டது.

"மொதலாளி, இவளுக்குப் பன்னிக் காய்ச்சலு! நேத்து ஆஸ்பத்திரிப் பந்தல்ல நின்னா. என் கண்ணால பாத்தேன்!"

பெண்கள் பொம்மைகளைப் போட்டது போட்டபடி எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். ராஜமாணிக்கம் கைக்குட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "வாசுகி, கெளம்பும்மா நீ" என்றார்.

வாசுகிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கிருமி இல்லை என்று கேட்டுவிட்டு வந்த காலையிலா தலை குனிந்து போவது?

"எனக்குப் பன்னிக் காய்ச்சலு இல்லிங்க. டிபி இருந்துது. ரெண்டு மாசமா மாத்திரை சாப்புடறேன். இன்னிக்கு டெஸ்ட்டுல கிருமி இல்லன்னு சொல்லிட்டாங்க. இனிமே யாருக்கும் ஒட்டாது. பொட்டு வாங்கப் போறேன்னு சொன்னதெல்லாம் அந்த மாத்திரைக்குத்தான்."

ராஜமாணிக்கம் கைக்குட்டையை இறக்கி நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அட, டிபிதானா!"

இரண்டு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறைத்த நோய்க்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். வாசுகிக்குச் சிரிப்பு பீறிட்டது. "போய் ஒக்காரு. ஆனா மாத்திரைய மட்டும் விட்டுடாத, கொலுவுக்கு ஆளு வேணும்" என்றார் முதலாளி. யாரும் டம்ளரைத் தனியாக வைக்கவில்லை. வைத்திருந்தால் அன்றைக்கு வாசுகி அதைப் போட்டு உடைத்திருப்பாள்.

சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது ராஜாம்பாள் பின்னாலேயே வந்தாள். வாசுகி திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, நான் பந்தல்ல நின்னேன், சரி. நீங்க அங்க என்ன பண்ணீங்க?"

ராஜாம்பாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அடக்கி வைத்திருந்த இருமலெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. இருமி முடித்ததும் அழுதாள். "நாலு மாசமா இருக்குதுடி. காட்டலாம்னுதான் போனேன். அந்த வரிசையப் பாத்து கேட்டோட திரும்பிட்டேன். உன்னக் காட்டிக் குடுத்தா என்னை யாரும் பாக்க மாட்டாங்கன்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் அதுதான்னா நான் என்னடி சொல்லிட்டுப் போவேன்? புருஷன் போனதுலருந்து நான் பொட்டே வெக்கறதில்லையே."

வாசுகிக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை இருவரும் பந்தலுக்குக் கீழே நின்றார்கள். இருவர் மூக்கிலும் கைக்குட்டை. ரோட்டில் மெதுவாக உருண்ட பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பட்டறைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "ராஜாம்பா, நீ எதுக்கு அங்க நிக்கற?" என்று கத்தினாள். ராஜாம்பாள் முந்தானையை முகத்துக்கு இழுக்கப் போனாள். வாசுகி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சளி டெஸ்ட்டுக்கு!" என்று வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி பதில் கத்தினாள் வாசுகி. "நீயும் ராத்திரியெல்லாம் இருமுறியாமே, எறங்கி வா!"