தோணிரேவு சரோஜாவின் கட்டைவிரல்

நண்டைத் திருப்பி, வயிற்றில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அமுங்கினால் உள்ளே சதை இல்லாத சோடை நண்டு. அமுங்காவிட்டால் நல்ல நண்டு. தோணிரேவில் சரோஜா பன்னிரண்டு வருஷமாகச் செய்வது இவ்வளவுதான். எட்டாங்கிளாஸோடு அவள் படிப்பை நிறுத்தியபோது வாத்தியார் வருத்தப்பட்டாராம். நண்டுகள் அதைவிட வருத்தப்பட்டிருக்கும். அவள் அப்பா தங்கவேலின் நண்டுக் கொட்டாயிலிருந்து மெட்ராஸுக்குப் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

முட்டிவலி முற்றியதும் தங்கவேல் ஒதுங்க முடிவு செய்தார். கொட்டாய் யாருக்கு என்று சரோஜா கேட்கவில்லை. தனக்கென்று நைனா தன் வாயால் சொல்லமாட்டாரா என்று ஒரு மாசம் காத்திருந்தாள். ஒருநாள் சொன்னார்.

"தம்பி விமலை வரச் சொல்லிட்டேன். நீ கட்டிக்குடுத்த பொண்ணும்மா. உங்கிட்ட குடுத்தா நாளைக்கு மாப்பிள வூட்டுக்குப் பூடும்."

"எங்க வூட்டு மனுசன் நண்டைப் பாத்தாலே ரெண்டு காலையும் கட்டில்மேல தூக்கிக்குவாரு நைனா!"

"சிரிக்காத. வழக்கம்னு ஒண்ணு கீது."

வழக்கம் இதுதான். பழைய முதலாளி தராசில் வெற்றிலை வைத்துக் கொடுக்கணும். வாங்குகிறவர் அதன்மேல் முதல் கூடையை நிறுக்கணும். அப்புறம் ஊர் அந்தக் கைக்குத்தான் நண்டு தரும். தராசு எலக்ட்ரானிக் ஆகிவிட்டது, வெற்றிலை மட்டும் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தம்பி விமல் ஆரம்பாக்கம் செல்போன் கடையிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். தங்கவேல் வெற்றிலை வைத்தார். நண்டு பிடிக்கிற அங்கமுத்து முதல் கூடையை இறக்கினார். பௌர்ணமி கழிந்த வாரம், சோடை அதிகம் விழும் நேரம். மேலேயே நாலு சோடை. சரோஜாவிடம் இப்படிக் கொண்டுவர அந்த மனுசனுக்குத் தைரியம் வந்திருக்காது.

அவள் வாய் திறக்கவில்லை. மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னா தம்பி, அழுத்திப் பாக்கலியா?" என்றார் அங்கமுத்து, ரொம்ப நல்லவராக.

விமல் நண்டின் முதுகு ஓட்டில் அழுத்தினான். கொட்டாயே சிரித்தது.

"செல்போன்னு நெனச்சுக்கினான்டா!"

விமலின் காது சிவந்தது. சின்ன வயசில் டவுசர் கிழிந்து தெருவில் நின்றபோதும் இதே காதுதான். சரோஜாவின் முடிவு அத்தோடு காலி.

"திருப்புடா. வயித்துல அழுத்து."

அழுத்தினான். "அமுங்குதுக்கா."

"சோடை. எடுத்துப் போடு. அடுத்தது பாரு."

"நீ நடுவுல பேசாத," என்றார் தங்கவேல். "இனிமே அவன்தான் முதலாளி."

விமல் நாலு சோடையையும் பொறுக்கிவிட்டு மீதியை நிறுத்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"நிறுத்துட்டேன். இப்போ நான்தானே முதலாளி?"

"ஆமா."

கூடையை இறக்கி, ஈர வெற்றிலையைத் தட்டில் சரியாக வைத்து, தராசை அக்கா பக்கம் தள்ளினான்.

"டேய், வழக்கம்..."

"வழக்கம்தான் நைனா. நீ குடுத்த மாதிரியேதான் நானும் குடுக்கறேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சரோஜா அடுத்த கூடையைத் தூக்கித் தட்டில் வைத்தாள். தங்கவேல் எழுந்து போய்விட்டார். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை.

மறுநாள் வந்தார். நேரே போய் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் கூடையை அவர் முன்னால் இறக்கினார்.

"எங்கிட்ட ஏன் வெக்கிற?" என்று எரிந்து விழுந்தார் தங்கவேல். "முதலாளி அந்தாண்ட கீது பாரு."