இன்னாங்க, காலை ஆட்டுங்க!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடியில் பாக்டரி வேலையில் இருந்த என் கணவருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன். "பாதியில் மயக்கத்தைக் குறைத்து காலை ஆட்டச் சொல்வோம். ஆட்டினால் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

வாசலில் காத்திருந்தேன். நர்ஸ் ஓடி வந்தார்.

"ஏம்மா, சச்சிதானந்தம்னு எவ்வளவோ கூப்பிட்டுட்டோம், கால் ஆடலையே! வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

கட்டியவர் பெயரைச் சொல்லும் பழக்கமே எனக்கில்லை.

"'இன்னாங்க'ன்னுதாம்மா கூப்பிடுவேன்."

"சரி, அதையும் சொல்லிப் பாக்கறேன்" என்று உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் கதவு திறந்தது.

"'இன்னாங்க, காலை ஆட்டுங்க'ன்னேன். ரெண்டு காலும் ஆடுச்சும்மா! டாக்டரே சிரிச்சிட்டார்."

'வெச்ச பேரு சீட்டுல, கூப்பிடுற பேரு ஊட்டுல' என்பார் என் மாமியார். அன்றுதான் அதன் அருமை புரிந்தது.

இப்போது தெரிந்தவர் யார் ஆபரேஷனுக்குப் போனாலும், வீட்டில் கூப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்லி வைக்கச் சொல்கிறேன். வெட்கத்தை விட்டு அவரையும் அவ்வப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குகிறேன். மனுஷன் திரும்பித்தான் பார்க்க மாட்டேன் என்கிறார்!