மூன்று மார் ஆழம்

மண் அள்ளும் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்த ஞானதாஸுக்கு நாற்பத்தாறு வயதில் தூண்டில் போடுகிற ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, வேறு போக்கிடம் இல்லை. பத்தொன்பது வருஷம் வண்டியில் குலுங்கியதில் முதுகில் ஜவ்வு விலகிவிட்டது. இனி ஏறினால் கால் விளங்காது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மனைவி மேரி விடிந்ததும் படூர் அபார்ட்மெண்டுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்விடுவாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஏரியைப் பார்க்கலாமே என்று கேளம்பாக்கம் கடையில் ஒரு ஃபைபர் தூண்டில் வாங்கி வந்தான்.

முதல் வாரம் மீன்களுக்குத்தான் கொண்டாட்டம். மண்புழுவை மாட்டப் போய்த் தன் கட்டைவிரலில் முள்ளை ஏற்றிக்கொண்டான். வீசினால் தூண்டில் நரம்பு பின்னால் இருந்த வேலிக்காத்தான் புதரில் போய் விழுந்தது. கரையில் மூங்கில் கழியோடு குந்தியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கம் தாங்காமல் யாரும் உட்காராத ஓர் ஓரமாகப் பார்த்து ஒதுங்கினான்.

அங்கே யாரும் உட்காராததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் கேசவன் செத்தது அந்த இடத்தில்தான். இருபத்திரண்டு வயது, கொரியர் வேலை, நீச்சல் தெரியாததால் இடுப்பளவைத் தாண்ட மாட்டான். குளிக்க இறங்கினவன் ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போய்விட்டான். மறுநாள் பிணம் தானே மிதந்தது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு இருந்ததால், தண்ணீருக்குள் வலிப்பு வந்துவிட்டது என்று ஊரே முடிவு கட்டியது. அந்த வாரம் மாத்திரை வாங்க மறந்துவிட்டேனே என்று அவன் அம்மா காசியம்மாள் பிணத்தின் முன்னால் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஞானதாஸுக்கு எதிர்வீடு. பாடையைத் தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருவன்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் கலைவாணன் முதல் சவாரிக்கு முன்னால் தினமும் தூண்டில் போடுகிறவன். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தான்.

"இன்னா அண்ணாத்த, ஆழம் தெரியாம தக்கைய கட்டிகினு கீற? கெண்டை தரையிலதான் மேயும். முள்ளு தரைக்கு ஒரு சாண் மேல நிக்கணும். நரம்புல ஒரு இரும்பு நட்டு கட்டி உடு. தரை தட்டுனதும் அளந்துக்கோ. அப்பால தக்கைய கட்டு."

மறுநாள் காலை ஞானதாஸ் அப்படியே செய்தான். இரண்டு எட்டு தூரத்தில் நட்டை விட்டான். இடுப்பளவு இருக்கும் என்று நினைத்திருந்தான். நரம்பு போய்க்கொண்டே இருந்தது. இழுத்து, இரண்டு கையையும் விரித்து அளந்தான். மூன்று மார். ஆள்மேல் ஆளாக மூன்று பேர் நிற்கலாம். ஓரடி இந்தப் பக்கம் விட்டுப் பார்த்தான், இடுப்பளவு. அந்தப் பக்கம் விட்டான், மறுபடியும் மூன்று மார். நடுவில் சரிவே இல்லை. சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக இறங்கியது.

அப்படி வெட்டுவது அவன் கை. அவனுக்குத் தெரியாதா?

இரண்டு கோடைக்கு முன்னால் ஏரி வற்றிக் கிடந்தபோது சவுடு மண் அள்ளினார்கள். மூன்றடிக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. கடைசி ஆறு நாள், லாரி உள்ளே இறங்க வேண்டாம், இந்தப் புதர் மறைவிலேயே அள்ளு என்றான் காண்டிராக்டர். அள்ளினான். ஏழாம் நாள் கோடை மழை கொட்டி, குழியைத் தண்ணீர் மூடிவிட்டது. ஏரிக் குழியை வண்டல் தானே தூர்த்துவிடும் என்று பொக்லைன்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவனும் அதை நம்பி, அந்தக் குழியை மறந்தே போனான். கேசவனைத் தூக்கிய அன்றைக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை. இப்போதுதான் வந்தது.

அன்று சாயங்காலம் மேரி தட்டைத் தள்ளி வைத்தவனைப் பார்த்தாள். "மீனு மாட்லன்னா சோத்து மேல இன்னா கோவம்? நாளைக்கி கேசவனுக்கு வருஷம். புள்ள போன எடத்துலயே எறங்கி முழுக்கு போடுவேன்னு காசிக்கா ஒத்தக் கால்ல நிக்குது. யார் சொன்னாலும் கேக்கல."

பாம்பு இருக்கிறது என்று சொல்லலாமா? கலைவாணனை விட்டுச் சொல்லச் சொல்லலாமா? குழி என்று வாயைத் திறந்தால் தோண்டினது யார் என்று கேட்பார்கள். விடிந்ததும் முதல் ஆளாகப் போய், அந்த இடத்தில் முள்கிளையை வெட்டிக் குறுக்கே போட்டான். கோழை, அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

பூவும் வாழையிலையுமாகக் காசியம்மாள் வந்தாள். பின்னால் அவள் தம்பி எல்லப்பன். முள்கிளையை அவளே இழுத்து ஓரம் போட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள். ஒரு கால் தண்ணீருக்குள் போனது. புதரோரம் நின்றிருந்த ஞானதாஸ் கத்திவிட்டான்.

"யக்கா, எறங்காத! இன்னும் ரெண்டு எட்டு வெச்சா மூணு மாரு பள்ளம் கீது."

"உனுக்கு எப்டி தெரியும்?"

"நான்தான் தோண்டுனேன்."

எல்லப்பன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "உட்றா அவன" என்றாள் காசியம்மாள். குரல் உயரவே இல்லை. "அப்போ எம் புள்ளைக்கு வலிப்பு வர்ல?"

"தெரியல யக்கா. வலிப்பு வர்றதுக்கு முன்னாடியே காலுக்குக் கீழ தரை போயிருக்கும்."

"ஒரு வருஷமா நானே அவன கொன்னுட்டன்னு நெனச்சிகினு கீறன்டா தாசு. எதிர்வூட்ல நின்னு பாத்துகினுதான இருந்த?"

"நேத்துதான் யக்கா எனுக்கே தெரிஞ்சிது."

அது உண்மை. ஆனால் அவன் காதுக்கே பொய்யாகத்தான் கேட்டது.

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு, "பள்ளம் எங்க ஆரம்பிக்குது? போய் நில்லு" என்றாள்.

ஞானதாஸுக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் இறங்கினான். காலால் தடவித் தடவி, தான் வெட்டிய விளிம்பைக் கண்டுபிடித்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றான். குதிகாலுக்குக் கீழே ஒன்றுமில்லை. காசியம்மாள் வந்து எதிரே நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். லேசாகத் தள்ளினால் போதும், அது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒருமுறை முழுகினாள், இன்னொரு முறை முழுகினாள். மூன்றாவது முழுக்கு முடிந்து எழுந்த பிறகும் அவன் கையை விடவில்லை.